உடலை வாங்கிய பிறகு

எளியவர் ஏறும் படிகள் – தொடர்: 11

ஒரு கொலை வழக்கில் புகார் பதிவாகும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அடுத்த படி. நெல்லைச் சீமையில் அது நீதிமன்றத்தில் இல்லை, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிணவறை வாசலில் இருக்கிறது.

2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. ஏரல் அருகே ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த கவின் செல்வகணேஷ், தாத்தாவின் சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டை கே.டி.சி. நகருக்கு வந்தார். வயது 27. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பட்டியல் சாதிக் குடும்பத்தில் பிறந்து, படித்து, மேலே வந்த பிள்ளை. அவர் பழகிவந்த பெண்ணின் தம்பி பேச வேண்டும் என்று வண்டியில் அழைத்துப் போய்ப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதாக வழக்கு. அந்தப் பெண்ணின் பெற்றோர் இருவருமே காவல் உதவி ஆய்வாளர்கள். முதல் தகவல் அறிக்கையில் அவர்கள் பெயரும் சேர்ந்தது. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லும். நான் பேச வருவது கவினின் குடும்பம் அந்த வாரத்தில் செய்ததைப் பற்றி.

அவர்கள் உடலை வாங்க மறுத்தார்கள். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமை வரை. பெற்ற மகனைப் பிணவறையில் கிடத்திவிட்டு, காவல்துறையில் இருக்கும் அந்தப் பெற்றோரைக் கைது செய்யுங்கள் என்று கேட்டார்கள். அந்த நாட்களில் நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். உதவி ஆய்வாளர்கள் இருவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. அந்தப் பெண்ணின் தந்தை கைதானார். அதன் பிறகே உடல் ஊருக்குப் போனது. வழக்கின் முக்கியமான நகர்வுகள் எல்லாம் உடல் பிணவறையில் இருந்தபோதே நடந்துவிட்டன.

இது தற்செயல் இல்லை. தென்மாவட்டங்களில் கொலையுண்டவர்களின் குடும்பங்கள் பல காலமாகப் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. உடல் இருக்கும் வரைதான் அதிகாரிகள் தேடி வருவார்கள். வாங்கிப் போய் அடக்கம் செய்துவிட்டால், நாம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். ஆகவே பிணவறை வாசலில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். முதலில் இன்ஸ்பெக்டர் வருகிறார், பிறகு டி.எஸ்.பி., தாசில்தார், ஆர்.டி.ஓ. விஷயம் பெரிதானால் மாவட்ட ஆட்சியரும் அமைச்சரும் வருவார்கள். அழுது ஓய்ந்த தாயிடம் பேச்சுவார்த்தை நடக்கிறது. எல்லாக் குற்றவாளிகளையும் கைது செய்ய வேண்டும், வீட்டில் ஒருவருக்கு வேலை வேண்டும், நிவாரணம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். பரிசீலிக்கிறோம் என்ற பதில் பெரும்பாலும் வாய்மொழியாகவே வருகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் அந்தக் காகிதத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது என்பதுதான் கொடுமை. 2016-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி கொலையுண்டவரின் குடும்பத்துக்கு 8.25 லட்சம் ரூபாய் நிவாரணம். தமிழ்நாட்டில் அது 12 லட்சமாக உயர்த்தப்பட்டிருக்கிறது. பாதித் தொகையைப் பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதியைக் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் தர வேண்டும். மாத ஓய்வூதியம், ஒருவருக்கு வேலை, பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம் விதியிலேயே எழுதியிருக்கிறது. யாரும் கேட்காமலே வந்திருக்க வேண்டியவை. ஆனால் உடலைப் பிடித்துவைத்துக் கேட்டால்தான் வரும் என்று ஆகிவிட்டதால், உரிமை சலுகையாகிவிடுகிறது. கொடுக்கிற அதிகாரி வள்ளல் ஆகிவிடுகிறார். வாங்குகிற குடும்பத்தை, பிணத்தை வைத்துப் பேரம் பேசினார்கள் என்று ஊர் ஏசுகிறது. வன்கொடுமைச் சட்டத்துக்குள் வராத குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனுப் போட்டு இழப்பீடு கேட்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதையே பலரிடம் யாரும் சொல்வதில்லை.

உடலை வாங்கிய பிறகு என்ன நடக்கிறது? கொலை வழக்கை நடத்துவது அரசு. குடும்பத்துக்காக வழக்காடுபவர் அரசு வழக்கறிஞர். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடும்பத்துக்கு இல்லை. மகனை இழந்த தகப்பன் அந்த வழக்கில் அ.சா.1 அல்லது அ.சா.2, அதாவது அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஒருவர். கூண்டில் ஏறும் ஒரு நாள் தவிர மற்ற நாட்களில் அவர் வேடிக்கை பார்க்க வந்தவர். குடும்பம் தனியாக வக்கீல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் அரசு வழக்கறிஞருக்கு உதவத்தான் முடியும், தாமாகக் குறுக்கு விசாரணை செய்யவோ வாய்மொழியாக வாதாடவோ முடியாது என்று 2019-இல் ரேகா முரார்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரருக்காக எல்லாக் கேள்வியும் கேட்கலாம். இறந்தவரின் தாய்க்காக வந்த வக்கீல் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2009 திருத்தத்துக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். 2022-இல், லக்கிம்பூர் கேரி வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் தங்கள் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறி, அவர்களைச் சரியாகக் கேட்காமல் கொடுத்த ஜாமீனை ரத்து செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் மனு வந்தால் குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் அதிகாரிக்கு என்ன ஆகும்? அதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. ஜாமீனில் வந்தவன் தெருமுனை டீக்கடையில் நிற்பதைப் பார்த்துத்தான் அவன் வெளியே வந்ததே தெரியும் என்றால், அந்த வீட்டுக்கு இந்தச் சட்டங்களால் என்ன பயன்?

அடுத்தது காலம். விருத்தாசலம் அருகே 2003-இல், சாதி மறுத்து மணந்த கண்ணகியும் முருகேசனும் காதில் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்க் காவல்துறை போட்ட வழக்கில் முருகேசனின் சொந்தக் குடும்பத்தாரும் குற்றவாளிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். மகனைப் பறிகொடுத்த வீடு, கொலைப்பழியையும் சுமந்தது. சி.பி.ஐ. வந்த பிறகே வழக்கு திசை திரும்பியது. கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2021 செப்டம்பரில் வந்தது, பதினெட்டு ஆண்டு. தண்டனை பெற்றவர்களில் காவல் அதிகாரிகள் இருவர். உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. சாத்தான்குளம் தந்தை, மகன் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் 2020 ஜூனில் காவல்துறையின் சித்திரவதைக்குப் பின் இறந்தார்கள். அவர்கள் உடல்களும் இதே பாளையங்கோட்டை மருத்துவமனைக்குத்தான் வந்தன. அங்கும் குடும்பம் உடல்களை உடனே வாங்கவில்லை. நாடே பார்த்த வழக்கு அது. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு ஆண்டுகள் ஓடின. அந்த வீட்டுப் பெண்கள் வாய்தாவுக்கு வாய்தா, வழக்கு நடந்த மதுரைக்கு அலைந்தார்கள்.

அரசு நினைத்தால் வேகமாக முடிக்க முடியாதா? முடியும் என்பதற்கு இதே தாமிரபரணிக் கரையில் சாட்சி இருக்கிறது. முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், ஆற்று மணல் கடத்தலுக்கு எதிராகப் புகார் கொடுத்தவர். 2023 ஏப்ரல் 25 அன்று தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தூத்துக்குடி நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்துவிட்டது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. புலனாய்வு, குற்றப்பத்திரிகை, சாட்சி விசாரணை, தீர்ப்பு எல்லாம் அதற்குள் முடிந்தன. பணியிலிருந்த அரசு ஊழியருக்குக் கிடைத்த இந்த வேகம் கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும். சாகும் மனிதர் யார் என்பதைப் பார்த்து நீதியின் வேகம் கூடுவதும் குறைவதும் நியாயமில்லை.

அந்தக் குடும்பங்களின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொலைக்கு முன்பே சொல்லியிருப்பார்கள். ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர் ஜாகிர் உசேன், 2025 மார்ச் 18 அதிகாலை, திருநெல்வேலி டவுனில் தொழுகை முடித்துத் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். தம் உயிருக்கு ஆபத்து இருக்கிறது, காவல்துறை கண்டுகொள்ளவில்லை என்று அவரே பேசிய காணொளி பிறகு ஊரெல்லாம் பரவியது. அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், கொலைக்குப் பின்பு. காக்கி உடுத்தியவரின் குரலே எட்டவில்லை என்றால் மற்றவர் குரல் எங்கே எட்டும்? சாதி மறுத்துக் காதலிப்பவர்களுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-லேயே உத்தரவிட்டது. 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லி, இத்தகைய வழக்குகளை விரைவு நீதிமன்றத்தில் ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றது. கவின் கொலையுண்டது அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது 2025 அக்டோபரில்.

ஆணையம் என்றதும் நெல்லைக்காரர்களுக்கு 1999 ஜூலை 23 நினைவுக்கு வரும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்கள் மீது தடியடி நடந்தது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களோடு சேர்த்து 17 பேர் இறந்தார்கள், ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட. நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்து அறிக்கை கொடுத்தது. அந்தச் சாவுகளுக்காக ஒரு காவலர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்தக் குடும்பங்கள் ஆண்டுதோறும் ஆற்றங்கரைக்கு வந்து மலர் தூவுகின்றன. அறிக்கை நீதிமன்றத் தீர்ப்புக்கு ஈடாகாது.

அதே 1999, பிப்ரவரி. லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவர் 1993-இல் கொல்லப்பட்ட வழக்கைக் காவல்துறை பாழடித்ததைப் பற்றி மேக்பர்சன் அறிக்கை வெளியானது. மகனை இழந்த பெற்றோரைக் காவல்துறை நடத்திய விதத்தையும் அது கடுமையாகச் சாடியது. அதன் விளைவாக, கொலை வழக்குகளில் குடும்பத்தோடு தொடர்பில் இருக்கவே பயிற்சி பெற்ற காவலரை நியமிக்கும் முறை அங்கே வலுப்பெற்றது. குற்றவாளிகள் இருவருக்குத் தண்டனை கிடைக்க 2012 வரை ஆனது. அதுவும் அந்தப் பெற்றோர் விடாமல் போராடியதால். ஆனால் அவர்களுக்குப் பின்னால் வந்த குடும்பங்களுக்கு, விவரம் கேட்கப் போய் நிற்க ஓர் ஆள் இருக்கிறார்.

நம் நாட்டில் ராஜஸ்தான் வேறு வழியில் போனது. 2023-இல் அங்கே நிறைவேறிய சட்டப்படி, உடலை வாங்க மறுப்பதும் உடலை வைத்துப் போராடுவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இறந்தவருக்கு மரியாதை என்று அதற்குப் பெயர். குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு எதையும் கொடுக்காத சட்டம் அது. தமிழ்நாடு அந்தப் பக்கம் போகவே கூடாது. பெற்ற பிள்ளையின் உடலைப் பனிப்பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருக்க எந்தத் தாயும் ஆசைப்படுவதில்லை. அப்படிக் காத்திருந்தால்தான் காது கேட்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அரசு.

நான் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. கொலை நடந்த அன்றே, அந்தக் குடும்பத்துக்கென்று ஓர் அதிகாரியின் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுத்தில் தரப்பட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல், நிவாரண உத்தரவு, உரிமைகளின் பட்டியல் மூன்றும் தமிழில், பிரேதப் பரிசோதனை முடிவதற்குள் கைக்கு வர வேண்டும். பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்டதை ஆர்.டி.ஓ. கையெழுத்திட்டுத் தேதி போட்டுத் தர வேண்டும். ஜாமீன் மனுவோ வாய்தாவோ எதுவானாலும் குடும்பத்துக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும். வன்கொடுமை வழக்குகளில் இருக்கும் அந்த உரிமை எல்லாக் கொலை வழக்குகளுக்கும் விரிய வேண்டும். அரசு வழக்கறிஞர் மீது நம்பிக்கை இல்லை என்று குடும்பம் சொன்னால் அதற்கு மதிப்பு வேண்டும். சாதி ஆணவக் கொலைக்கு ஆளான கோகுல்ராஜின் வழக்கில் அவருடைய தாய் போராடித்தான் சிறப்பு அரசு வழக்கறிஞர் வந்தார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனைகள் கிடைத்தன. அந்தத் தாய் நீதிமன்றப் படிகளில் ஏழு ஆண்டு ஏறிப் பெற்றது எல்லோருக்கும் முதல் நாளே கிடைக்க வேண்டும்.

இவை நடந்துவிட்டால் பிணவறை வாசலில் யாரும் உட்கார மாட்டார்கள். அதுவரை, உடலை வாங்க மாட்டோம் என்று மறுக்கும் குடும்பத்தைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்க்கும் உரிமை எந்த அதிகாரிக்கும் இல்லை. அவர்கள் அங்கே கேட்பது சட்டத்தைத்தான்.

அடுத்த வாரம்: சாட்சிகள் பிறழ்வது ஏன்?

(தொடரும்)