கிழக்குக்குத் தேவை விமானமா, நல்ல புகையிரதமா?

கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போய் வருவோரின் கஷ்டம் பற்றிப் பேச்சு எழும் போதெல்லாம், "மட்டக்களப்புக்கு ஒழுங்காக விமானம் விட்டால் என்ன?" என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. 2018 இல் மட்டக்களப்பு விமான நிலையம் சிவில் பயணத்துக்காகத் திறக்கப்பட்ட போதும் இதே எதிர்பார்ப்புத்தான் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் கொழும்பு என்பது யாருக்குத்தான் இனிக்காது? ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கணக்கிட்டு, அது யாருக்குக் கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்று பார்த்தால் விடயம் வேறு விதமாகத் தெரிகிறது.

பயண நேரத்தைக் கணக்கிடும் போது நாம் வழமையாக ஒரு தவறு செய்கிறோம். புறப்படும் நிலையத்திலிருந்து சேரும் நிலையம் வரையான நேரத்தை மட்டும் எண்ணுகிறோம். உண்மையான பயணம் வீட்டு வாசலில் தொடங்கி, போக வேண்டிய அலுவலகத்தின் அல்லது வைத்தியசாலையின் வாசலில் முடிகிறது. விமானம் வானத்தில் இருக்கும் நேரம் குறைவு. ஆனால் நிலையத்துக்குப் போகும் நேரம், முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரம், பரிசோதனை, பயணப் பொதிக்காக நிற்பது, இறங்கிய பின் நகரத்துக்குள் வருவது எல்லாம் சேர்ந்தால் அந்த இலாபத்தில் பெரும்பகுதி கரைந்து விடும். புகையிரதமோ நகரத்தின் நடுவிலிருந்து புறப்பட்டு நகரத்தின் நடுவில் இறக்கி விடுகிறது.

இதனால்தான் நல்ல பாதை உள்ள நாடுகளில் சில நூறு கிலோமீற்றர் தூரத்துக்கு புகையிரதமே வெல்கிறது. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையிலான சுமார் 515 கிலோமீற்றரை ஜப்பானின் அதிவேக ரயில் இரண்டரை மணித்தியாலத்தில் கடக்கிறது. மட்ரிட், பார்சிலோனா நகரங்களை இணைக்கும் அதிவேகப் பாதை 2008 இல் முழுமையடைந்த பின் அந்த வழியில் விமானப் பயணிகள் பெருமளவில் ரயிலுக்கு மாறினார்கள். பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டரை மணித்தியாலத்துக்குள் ரயிலில் செல்லக் கூடிய சில வழிகளில் உள்நாட்டு விமானங்களை 2023 மே மாதம் முதல் சட்டத்தால் நிறுத்தியது.

எம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஹரமைன் ரயில். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே சுமார் 450 கிலோமீற்றர். மக்காவில் விமான நிலையம் இல்லை. விமானத்தில் மதீனா போக வேண்டுமானால் முதலில் வீதி வழியாக ஜித்தா விமான நிலையத்துக்குச் சென்று, காத்திருந்து, ஏறி, இறங்கி மீண்டும் ஹரத்துக்கு வர வேண்டும். 2018 ஒக்டோபரில் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட ஹரமைன் ரயில் மணிக்கு 300 கிலோமீற்றர் வரையான வேகத்தில் ஓடி, இரண்டே கால் மணித்தியாலம் அளவில் மதீனாவில் இறக்கி விடுகிறது. உம்றாவுக்குப் போய் அதில் ஏறி வந்தவர்கள் ஊர் திரும்பியதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கள் ஊர் ரயில் மட்டும் ஏன் இப்படி?

நியாயமான கேள்வி. கொழும்பிலிருந்து மட்டக்களப்பு புகையிரதப் பாதையின் நீளம் சுமார் 348 கிலோமீற்றர். மக்கா–மதீனாவை விட நூறு கிலோமீற்றர் குறைவு. ஆனால் காலை ஆறு மணியளவில் கோட்டையிலிருந்து புறப்படும் உதயதேவி மட்டக்களப்பை அடைவது பிற்பகலில்தான். எட்டு முதல் ஒன்பது மணித்தியாலம். சராசரி வேகம் மணிக்கு நாற்பது கிலோமீற்றர் அளவுதான் வருகிறது.

இதற்குக் காரணங்கள் உண்டு. மாஹோ சந்தியில் வடக்குப் பாதையிலிருந்து பிரிந்து கெக்கிராவ, ஹபரண, கல்ஓயா வழியாக பொலன்னறுவை, வெலிகந்த, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வரும் இந்தப் பாதை ஒற்றைத் தடம். எதிரே ஒரு ரயில் வந்தால் ஏதாவதொரு நிலையத்தில் நின்று வழி விட்டுத்தான் போக முடியும். ஒரு ரயில் தாமதித்தால் அந்தத் தாமதம் எதிரே வரும் ரயிலுக்கும் தொற்றும். பாதை அமைக்கப்பட்டது வெள்ளைக்காரர் காலத்தில். பல இடங்களில் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டியுள்ளது.

அடுத்த காரணம் யானைகள். ஹபரண, கல்ஓயா, மின்னேரிய பிரதேசம் யானைக் கூட்டங்கள் நடமாடும் காடு. 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி அதிகாலை, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குச் சென்ற மீனகயா ரயில் அந்தப் பகுதியில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. ஆறு யானைகள் இறந்தன. பயணிகள் தப்பியது அல்லாஹ்வின் அருள். அதன் பின் வேகக் கட்டுப்பாடு பற்றிய பேச்சு இன்னும் கூடியது. யானையையும் காப்பாற்ற வேண்டும், பயணியும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் வேகத்தை மட்டும் குறைத்துக் கொண்டிருப்பது தீர்வாகாது. யானைகள் கடக்கும் இடங்களில் சுரங்க வழிகள், தடத்தின் இரு பக்கமும் பற்றைகளை வெட்டிப் பார்வையைத் திறந்து விடுவது, இரவில் யானையைக் கண்டறிந்து சாரதிக்கு அறிவிக்கும் கருவிகள் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

அப்படியானால் விமானம் வேகமில்லையா? இன்றைய நிலையில் வேகம்தான். கல்முனையிலிருந்து மஹரகம வைத்தியசாலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். விமானத்தில் போனால் மட்டக்களப்புக்கு ஒரு மணித்தியாலம், நிலையத்தில் ஒரு மணித்தியாலம், பறப்பு ஒரு மணித்தியாலம், கட்டுநாயக்கவிலிருந்து அல்லது இரத்மலானையிலிருந்து வைத்தியசாலைக்கு ஒரு மணித்தியாலம் அல்லது அதற்கு மேல். மொத்தம் நான்கு, ஐந்து மணித்தியாலம். ரயிலில் போனால் பதினொரு மணித்தியாலம் வரை ஆகும். ஆறு மணித்தியாலம் மிச்சம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இரண்டு விடயங்களை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எத்தனை பேருக்கு? மட்டக்களப்பு ஓடுபாதை சிறியது. உள்நாட்டுச் சேவையில் அங்கு இறங்கி ஏறும் செஸ்னா ரக விமானத்தில் எட்டுப் பேர் அளவில்தான் அமரலாம். பத்துப் பெட்டிகள் பூட்டிய ஒரு ரயிலில் சுமார் 500 பேர் இருந்து போகலாம். ஒரு ரயில் பயணிகளை ஏற்றிச் செல்ல அறுபது தடவைக்கு மேல் விமானம் பறக்க வேண்டும். இருக்கை குறையக் குறைய ஒவ்வொரு இருக்கையின் மீதும் விழும் எரிபொருள் செலவு, விமானியின் சம்பளம், நிலையக் கட்டணம் எல்லாம் ஏறும். குறுகிய பயணத்தில் இது இன்னும் அதிகம். விமானம் அதிகம் எரிபொருள் குடிப்பது மேலே ஏறும் போதுதான். ஏறி முடிந்ததும் இறங்க வேண்டி வந்தால், ஏறிய செலவைப் பங்கிட்டுக் கொள்ள நீண்ட தூரம் கிடைப்பதில்லை. அதனால்தான் உள்நாட்டு விமானக் கட்டணம் ஒரு வழிக்கே பல பத்தாயிரம் ரூபாய் என்ற அளவில் நிற்கிறது. அது உல்லாசப் பயணிகளுக்கும் வியாபாரிகளுக்கும் பொருந்தும். மாதாமாதம் கிளினிக்குக்குப் போகும் விவசாயிக்கும் மீனவருக்கும் ஓய்வூதியம் பெற்ற ஆசிரியருக்கும் பொருந்தாது.

இரண்டாவது, எந்த நேரம்? இரவு ரயிலின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது. இஷாவைத் தொழுது விட்டு மட்டக்களப்பில் ஏறும் நோயாளி அதிகாலையில் கொழும்பில் இறங்குகிறார். சுபஹைத் தொழுது, ஒரு தேநீர் குடித்து விட்டு, கிளினிக் திறக்கும் போது வரிசையில் நிற்கலாம். அலுவல் முடிந்து அன்றிரவே திரும்பினால் அடுத்த நாள் காலை வீட்டில். அவரது எட்டு மணித்தியாலப் பயணம் தூங்கும் நேரத்தில் கழிந்து விடுகிறது. பகலில் பறக்கும் விமானத்தில் போகிறவர் காலை கிளினிக்கைப் பிடிக்க பெரும்பாலும் முதல் நாளே போய் கொழும்பில் அறை எடுக்க வேண்டும். துணைக்கு வருபவருக்கும் அதே செலவு. விமானத்தில் மிச்சமான ஆறு மணித்தியாலம் விடுதியில் செலவாகிப் போகிறது. ஆகவே இரவு ரயில் ஒன்பது மணித்தியாலத்திலிருந்து ஆறு மணித்தியாலமாகக் குறைவதை விட, அது சொன்ன நேரத்துக்கு வருவதும், நிமிர்ந்து உட்கார ஆசனம் கிடைப்பதும், கழிவறை சுத்தமாக இருப்பதும் அவருக்கு முக்கியம்.

உண்மையில் எமது மக்களில் பெரும்பாலோர் விமானத்துக்கும் ரயிலுக்கும் இடையில் தெரிவு செய்வதில்லை. ரயிலில் ஆசனம் கிடைக்காமல், அல்லது ரயில் தமது ஊருக்கு வராததால், இரவு பஸ்ஸில் ஏறுகிறார்கள். நீரிழிவு உள்ள முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு போகும் தாய்மாருக்கும் பஸ் எத்தனை சிரமம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதை விட, அந்த வீதியில் எத்தனை உயிர்களைக் கொடுத்திருக்கிறோம்? 2023 ஜூலை 9 ஆம் திகதி இரவு கதுறுவெலயிலிருந்து காத்தான்குடி நோக்கி வந்த தனியார் பஸ் மன்னம்பிட்டியில் கொட்டலிய பாலத்தில் மோதி ஆற்றில் வீழ்ந்தது. குறைந்தது 10 பேர் உயிரிழந்தார்கள். அதே வழியில்தான் புகையிரதத் தடமும் போகிறது. கதுறுவெலயிலும் நிலையம் இருக்கிறது. வசதியான நேரத்தில் போதிய ரயில்கள் ஓடினால் அந்த வீதியின் பாரம் நிச்சயம் குறையும்.

இன்னொரு யதார்த்தத்தையும் சொல்ல வேண்டும். தடம் மட்டக்களப்போடு முடிந்து விடுகிறது. ஓட்டமாவடி மக்களுக்கு வாழைச்சேனையும் ஏறாவூர் மக்களுக்கு அவர்களது ஊரிலேயே நிலையமும் உண்டு. காத்தான்குடிக்கு மட்டக்களப்பு அருகில். ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் வரையான மக்களுக்கு ரயிலே கிடையாது. பாதையை நீட்டுவோம் என்பது தேர்தல் மேடைகளில் பழகிப் போன வாக்குறுதி. இது முடியாத காரியமுமல்ல. மாத்தறையிலிருந்து பெலியத்த வரை சுமார் 27 கிலோமீற்றர் புதிய தடம் 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் இந்நாட்டில் அமைக்கப்பட்ட முதல் புதிய பயணிகள் பாதை அது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை சுமார் 40 கிலோமீற்றர். ஆனால் சீனக் கடனில் கட்டப்பட்ட அந்தத் தெற்குப் பாதைக்கு ஏற்பட்ட செலவையும், நெருக்கமாக வீடுகள் நிறைந்த எமது கரையோர ஊர்களில் காணி பெறுவதன் சிக்கலையும் மறைத்து விட்டு வாக்குறுதி கொடுப்பது நேர்மையல்ல. காணி தர நாம் தயாரா என்பதையும் சமூகம் தனக்குள் பேசிக் கொள்ள வேண்டும்.

பெரிய திட்டத்துக்குக் காத்திராமல் செய்யக் கூடியவை இருக்கின்றன. மட்டக்களப்பை அடையும் ஒவ்வொரு ரயிலுக்கும் ஏற்ற நேரத்தில் நிலைய வாசலிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை இ.போ.ச. பஸ் புறப்பட வேண்டும். ரயில் தாமதித்தால் பஸ்ஸும் காத்து நிற்க வேண்டும். கொழும்புக்குப் போகும் இரவு ரயிலுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். இதற்குப் புதிய தடம் தேவையில்லை, ஒரு நேர அட்டவணை போதும். கிளினிக் அட்டை காட்டும் நோயாளிகளுக்கு இரவு ரயிலில் ஒரு தொகை ஆசனங்களை ஒதுக்கலாம். மாஹோவிலிருந்து ஓமந்தை வரை வடக்குப் பாதை இந்திய உதவியோடு திருத்தப்பட்டது போல, மாஹோவிலிருந்து மட்டக்களப்பு வரையான தடத்தைத் திருத்த ஏன் ஒரு திட்டம் இல்லை என்று எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றிக் கேட்கலாம். இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. மட்டக்களப்புத் தமிழர்களும் பொலன்னறுவைச் சிங்களவர்களும் அதே பெட்டியில்தான் நின்று கொண்டு போகிறார்கள். மூன்று சமூகங்களும் சேர்ந்து கேட்கக் கூடிய கோரிக்கை அரசியலில் எளிதில் கிடைப்பதில்லை.

விமானம் வேண்டாம் என்பதல்ல வாதம். அவசர நோயாளிக்கும், கிழக்கின் சுற்றுலாத் துறைக்கும் அது வரட்டும். ஆனால் பொதுப் பணமும் பிரதிநிதிகளின் நேரமும் எதில் முதலில் செலவாக வேண்டும் என்று கேட்டால், எட்டுப் பேர் பறப்பதற்கு முன் ஐந்நூறு பேர் இருந்து போக வேண்டும். அடுத்த முறை ஊருக்கு விமானம் கொண்டு வருவேன் என்று யாராவது மேடையில் சொன்னால், இரவு ரயிலுக்கு எத்தனை பெட்டி கூட்டுவீர்கள், இணைப்பு பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேளுங்கள்.