தீக்கப்பல் திருநாள்

கிரேக்க தேசத்துப் பைரியஸ் துறைமுகத்தினின்று தென்மேற்கே கடல்வழியே சென்றால், சில மணி நேரத்தில் ஸ்பெட்ஸெஸ் என்னும் சிறு தீவை அடையலாம். பரப்பு ஏறத்தாழ 22 சதுர கிலோமீட்டர்தான். நாம் அங்குச் சென்றது ஸெப்டம்பர் மாதத்தில், 'அர்மாட்டா' விழாவின்போது. ஊருக்குள் தனியார் மோட்டார்க் கார்கள் ஓடக்கூடாதென்பது விதியாதலால், குதிரை வண்டியிலேயே விடுதி சேர்ந்தோம். டாப்பியா என்னும் துறைமுக மேடையில் பழைய பீரங்கிகள் இன்றும் கடலை நோக்கி நிற்கின்றன. அவற்றினருகே காப்பிக் கடை நாற்காலிகள்!

அர்மாட்டா என்றால் போர்க்கப்பற்படை. 1821இல் துருக்கிய ஆட்சியை எதிர்த்துக் கிரேக்கர் கிளர்ந்தபோது, ஸ்பெட்ஸெஸ், ஹைட்ரா, ப்ஸாரா ஆகிய தீவுகளின் வணிகக் கப்பல்களே அவர்களுடைய கடற்படையாயின. புபுலீனா என்னும் விதவை மாது தம் செல்வத்தைச் செலவிட்டுக் கட்டிய 'அகமெம்னன்' கப்பலும் அவற்றுள் ஒன்று. அவருடைய இல்லம் இன்று காட்சிசாலையாக விளங்குகிறது.

மறு ஆண்டில், எதிர்க்கரையிலுள்ள நாப்ளியோ கோட்டையில் துருக்கியர் முற்றுகையிடப்பட்டுப் பசியால் வாடினர். அவர்களுக்கு உணவு கொண்டு வந்த பெரும் கப்பற்படையை 1822 ஸெப்டம்பர் 8ஆம் நாள் இத்தீவினருகே கிரேக்கர் மறித்தனர். அவ்வாண்டு வசந்த காலத்தில்தான் கியோஸ் தீவின் மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டுண்டு மாண்டிருந்தனர். ஆகவே ஸ்பெட்ஸெஸ்வாசிகள் பெண்டு பிள்ளைகளை ஹைட்ராவுக்கு அனுப்பிவிட்டனர். எஞ்சிய சிலர் கரையோரச் செடிகளின்மீது சிவப்புத் தொப்பிகளை மாட்டி, பெருங்கூட்டம் காத்து நிற்பதாகப் பகைவரை மயக்கினராம். தீவினர் சொல்லும் கதை இது; கேட்கும்போது மறுக்க மனம் வரவில்லை.

சிறிய கப்பல்கள் பெரியவற்றை எவ்வாறு எதிர்த்தன? கிரேக்கர் 'புருலோட்டோ' என்று வழங்குவதை நாம் 'தீக்கப்பல்' என்று பெயர்க்கலாம். 'எரிகலம்' என்றும் எண்ணிப் பார்த்தோம். அது சமையற் பாத்திரம்போல் ஒலிக்கவே விட்டுவிட்டோம். பழைய கப்பலொன்றில் கீல், கந்தகம், வெடிமருந்து முதலியவற்றை நிரப்பி, பகைக் கப்பலோடு கொக்கியிட்டுப் பிணைத்துத் தீயிடுவர். மாலுமிகள் பின்னே கட்டிய படகில் தாவித் தப்ப வேண்டும். நொடி பிசகினால் அவர்களுக்கும் அதே கதிதான். கோஸ்மாஸ் பர்பாட்ஸிஸ் என்பார் அன்று இவ்வாறு தீக்கப்பலைச் செலுத்திய வீரர். துருக்கியப் படை நாப்ளியோவை அடையாமலே திரும்பிற்று.

அக்காலத்துக் கிரேக்கப் பஞ்சாங்கம் 12 நாள் பின்தங்கியிருந்தது. நம் கணக்கில் அந்நாள் ஸெப்டம்பர் 20. எனினும் 8ஆம் தேதியையே ஒட்டி விழா நடைபெறுகிறது. அதுவே மரியன்னை பிறந்த திருநாளுமாகும். வேளாங்கண்ணிக்குச் சென்றவர்கள் அந்நாளை நன்கறிவர். வெற்றியின் நினைவாக எழுந்த கோயிலும் கலங்கரை விளக்கத்தருகே அன்னையின் பெயராலேயே நிற்கிறது.

இரவில் துறைமுகத்து நீர்மேல் மரத்தாலான துருக்கியக் கொடிக்கப்பலுக்குத் தீயிட்டனர். தில்லியில் தசராவன்று இராவணன் எரியும்போது எழும் அதே ஆரவாரம்! வாணங்கள் வெடிக்க, வண்டிக் குதிரைகள் மிரண்டன.

மறுநாள் படகேறி எதிர்க்கரை சேர்ந்து, தரைவழியே நாப்ளியோ சென்றோம். உணவு வந்து சேராத அக்கோட்டை 1822 குளிர்காலத்தில் பணிந்தது. உள்ளே பட்டினி கிடந்தோருள் பெண்டிரும் குழந்தைகளும் இருந்தனர். விழாவில் அவர்களைப் பற்றிய பேச்சைக் கேட்டோமில்லை. மலைமேற் கோட்டைக்குப் படிகள் 999 என்கின்றனர். நாம் பாதியிலேயே எண்ணுவதை விட்டுவிட்டோம்.