கிரீன் கார்டுக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும்?

"பையனுக்கு வருஷம் 90 ஆயிரம் டாலர் சம்பளம். கிரீன் கார்டு கிடைச்சிடுமா தம்பி?" சென்ற முறை ஊருக்கு வந்தபோது பக்கத்து வீட்டு மாமா என்னிடம் கேட்ட கேள்வி இது. உங்கள் வீட்டிலும் மகனோ மகளோ அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தால் இதே கேள்வி எழுந்திருக்கும். எல்லோருக்கும் பொதுவான ஒரு தொகை சட்டத்தில் இல்லை. ஆனால் அந்த வேலைக்கு, அந்த ஊரில் எவ்வளவு என்பதை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம்.

அடிப்படை விதி

நிறுவனம் மூலம் விண்ணப்பிக்கும் பெரும்பாலானோர் 'பெர்ம்' என்ற படியைத் தாண்ட வேண்டும். இம்முறை 2005 மார்ச் 28 அன்று அமலுக்கு வந்தது. நிறுவனம் முதலில் அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம், அந்த வேலைக்கு அந்தப் பகுதியில் நிலவும் சம்பளம் என்ன என்று கேட்டு வாங்க வேண்டும். இதற்கு 'ப்ரிவைலிங் வேஜ்' என்று பெயர். நிறுவனம் தருவதாகச் சொல்லும் சம்பளம் இதற்கு ஒரு டாலர்கூடக் குறையக் கூடாது. முன்பு 5 சதவீதம் வரை குறைவாக இருக்க அனுமதி இருந்தது. 2005ல் அதுவும் போய்விட்டது.

எப்படிப் பார்ப்பது?

1. இன்டர்நெட் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, தொழிலாளர் துறையின் 'ஃப்ளாக்' தளத்தைத் திறந்து, சம்பள விவரம் தேடும் பகுதிக்குச் செல்லுங்கள்.

2. வேலையைத் தேர்ந்தெடுங்கள். சாஃப்ட்வேர் டெவலப்பருக்கான எண் 15-1252.

3. மாநிலத்தையும் ஊரையும் தேர்ந்தெடுங்கள்.

4. நான்கு நிலைகளில் சம்பளம் திரையில் தோன்றும். பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 1 தோறும் புதிய பட்டியல் வரும்.

எந்த நிலை என்பது உங்கள் மகனின் திறமையைப் பொறுத்ததல்ல. அந்த வேலைக்குக் குறைந்தபட்சம் என்ன படிப்பு, எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும் என்று நிறுவனம் எழுதுகிறதோ அதைப் பொறுத்தது.

என் கதை

2023 மார்ச்சில் எனக்கு பெர்ம் மனு போட்டார்கள். நிர்ணயித்த சம்பளம் 1,04,000 டாலர். நான் அப்போது வாங்கியது 98,000. "கிரீன் கார்டு வந்த பிறகுதானே அந்தச் சம்பளம் தர வேண்டும்?" என்று கவலையின்றி இருந்தேன். அது சரிதான். ஆனால் இன்னொரு விதி இருந்தது.

பெர்ம் மனு போட்ட தேதியிலிருந்து கிரீன் கார்டு கைக்கு வரும் வரை, அந்தச் சம்பளத்தைத் தரும் சக்தி நிறுவனத்துக்கு இருப்பதைக் காட்ட வேண்டும். எங்களுடையது சிறிய நிறுவனம். 2023 வருமான வரிக் கணக்கில் நஷ்டம். அடுத்த படியான ஐ-140 மனுவில் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தபோது எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. மனு தள்ளுபடியானால் வரிசையில் பிடித்த இடமும் போய்விடும்.

வக்கீல் கணக்குப் போட்டுக் காட்டினார். சக்தியைக் காட்ட மூன்று வழிகள் உண்டு. நிறுவனத்தின் நிகர லாபம் அந்தச் சம்பளத்துக்குக் குறையாமல் இருக்கலாம். அல்லது நடப்புச் சொத்தில் நடப்புக் கடனைக் கழித்த மீதி அந்த அளவு இருக்கலாம். அல்லது அந்தச் சம்பளத்தையே ஊழியருக்கு ஏற்கெனவே தந்துகொண்டிருக்கலாம். ஓரளவு தந்திருந்தால், பாக்கி வித்தியாசத்துக்கு மட்டும் கணக்குக் காட்டினால் போதும். எனக்கு வித்தியாசம் 6,000 டாலர்தான். லாபம் இல்லாவிட்டாலும் நடப்புச் சொத்தின் மீதி அதைவிட அதிகம் இருந்தது. 2023க்கான என் டபிள்யூ-2 படிவத்தை ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்ததால் அன்றே அனுப்ப முடிந்தது. மனு ஏற்கப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

* நிச்சயமில்லாத போனஸைச் சம்பளத்தோடு சேர்க்க முடியாது.

* பெர்ம் மனுவுக்கான வக்கீல் கட்டணத்தை நிறுவனமே கட்ட வேண்டும். 2007 ஜூலை 16 முதல் இதுவே சட்டம். "நீ கட்டு" என்றால் கட்டாதீர்கள்.

* நிறுவனம் பலருக்கு மனு போட்டிருந்தால், எல்லோருடைய சம்பளத்துக்கும் சேர்த்துச் சக்தி இருக்க வேண்டும். சிறிய நிறுவனத்தில் சேரும் முன் இதைக் கேளுங்கள்.

* டபிள்யூ-2, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டு, பென் டிரைவிலும் ஒரு காப்பி வையுங்கள்.

பக்கத்து வீட்டு மாமாவின் கம்ப்யூட்டரிலேயே அவர் மகன் இருக்கும் ஊரின் பட்டியலைத் திறந்து காட்டினேன். இரண்டாம் நிலைச் சம்பளம் 90 ஆயிரத்தைவிட அதிகமாக இருந்தது. அன்றிரவே மகனிடம் போனில், "நிறுவனம் எவ்வளவு எழுதப் போகுதுன்னு முதல்ல கேளுடா" என்றார். சரியான கேள்வி அதுதான்.