வடகம் 'வதுவான்' ஆன கதை

பாரிஸ் நகரத்து மளிகைக் கடைகளில் 'வதுவான்' என்று பெயர் ஒட்டிய புட்டிகள் விற்கின்றன. பிரஞ்சு மசாலா என்று எண்ணி வாங்குவோர் உண்டு. அது நம் வீட்டுத் தாளிப்பு வடகம்தான் என்றால் நமக்கே வியப்பாக இருக்கிறதல்லவா?

வடகம் என்றதும் பொரித்துத் தின்னும் கூழ் வடகத்தை நினைத்துவிடக் கூடாது. இது வேறு. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, ஊறவைத்து அரைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு மூடி வைப்பார்கள். மறுநாள் வெயிலில் உலர்த்தி, மாலையில் மீண்டும் பிசைந்து உருட்டுவார்கள். இப்படிப் பல நாள். கடைசியில் ஆமணக்கெண்ணெய் தடவிக் காயவைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. மீன் குழம்புக்கு ஓர் உருண்டையை உதிர்த்துத் தாளித்தால் அடுத்த தெருவுக்கும் மணக்கும்!

புதுவையில் 1674-இல் பிரஞ்சுக்காரர்கள் நிலைகொண்டார்கள். இடையே டச்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் ஊர் கைமாறினாலும், 1954 வரை அவர்கள் ஆட்சிதான். அடுப்படியில் தமிழர், சாப்பாட்டு மேஜையில் துரைமார். பெயர் இந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

பேச்சில் வடகம் 'வடவம்' ஆகிறது. கடைசி மகரத்தையும் நாம் உதட்டை மூடி உச்சரிப்பதில்லை, மூக்கிலேயே விட்டுவிடுகிறோம். பிரஞ்சிலும் அதே மூக்கொலி உண்டு. 'வதுவான்' என்ற எழுத்தின் கடைசி 'ன்' அந்த ஒலிக்கு அவர்கள் இட்ட அடையாளம்தான். டகரம் அவர்கள் நாவில் வராது, தகரமாயிற்று. ஆக, ஏட்டில் உள்ள சொல் அல்ல, சமையற்கட்டில் காதால் கேட்ட சொல்லே கப்பலேறியிருக்கிறது.

கோவாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. போர்த்துகீசியர் தங்கள் பன்றி இறைச்சிக் குழலின் பெயரைக் கொண்டுவந்தார்கள். கொங்கணியில் அது இன்றும் 'சொரிஸ்'.

2000-க்குப் பிறகு அமெரிக்க உணவு விடுதிகளும் வதுவானைப் பிடித்துக்கொண்டன. ஆனால் பெயர் போன வேகத்தில் பக்குவம் போகவில்லை. வெயிலுக்குப் பதில் அங்கே மின்சார அடுப்பு. உளுந்தும் ஆமணக்கெண்ணெயும் பெரும்பாலும் கிடையாது. உருண்டையும் போய், உதிரித் தூளாகவே வருகிறது. அதைக் காய்ந்த எண்ணெயில் போட்டால் கணத்தில் கருகும். அதனால் வெண்ணெயில் இளஞ்சூட்டில் வதக்கி, மீன் மேல் ஊற்றுகிறார்கள்.