டர்போ எஞ்சினும் சுழல்விசிறியின் புரியிடைத்தூரமும் – ஒரு நோக்கு

தம் கைகளாலேயே சிறு விமானங்களைக் கட்டுவோர், பெருஞ்செலவில் டர்போசார்ஜர் பூட்டிய எஞ்சினை வாங்கிவிட்டு, சுழல்விசிறியிற் சிக்கனம் பார்ப்பதுண்டு. இச்சிக்கனம் எஞ்சினின் வலுவையே பயனற்றதாக்குமாற்றை இங்கு நோக்குவோம்.

திருகாணி மரத்துள் இறங்குவதுபோல, விசிறி ஒருமுறை சுழல்கையில் கோட்பாட்டளவில் முன்னேறும் தூரமே புரியிடைத்தூரம் எனப்படும். இது குறைவாயின், எஞ்சின் எளிதில் உச்சச் சுற்றை எட்டும். விமானம் விரைவில் நிலத்தைவிட்டுக் கிளம்பும். ஆனால் விரைந்த பறப்பில் எஞ்சின் வரம்புமீறிச் சுழலும். இது கூடுதலாயின், மட்டப்பறப்புச் சிறக்கும். கிளம்புகையில் எஞ்சின் திணறும். சாதாரண எஞ்சினில் இம்முரண்பாடு ஓரளவு தானே தணிகின்றது. உயரே வளி ஐதாகையில் விசிறியின் சுமையும் குறைகின்றது; எஞ்சினின் வலுவும் குறைகின்றது. எனவே இடைப்பட்டதொரு நிலையான புரியிடைத்தூரம் போதுமாகின்றது.

டர்போசார்ஜர் இச்சமநிலையைக் குலைத்துவிடுகின்றது. ஒஸ்திரியத் தயாரிப்பான ரொட்டாக்ஸ் 914 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 5800 சுற்றில் 115 பரிவலுவை 5 நிமிடங்களுக்கு மட்டும் தரும். 5500 சுற்றில் 100 பரிவலுவைத் தொடர்ந்து தரும். அதன் பற்சில்லுகள் சுற்றை 2.43 மடங்கு குறைப்பதால், 5500 சுற்றில் விசிறி ஏறத்தாழ 2260 தடவை சுழலும். கடல்மட்டத்தில் மணிக்கு 220 கிலோமீற்றர் பறக்கும் விமானம், அப்போது விசிறியின் சுற்றொன்றுக்கு 1.62 மீற்றர் முன்னேறுகின்றது. 10,000 அடி உயரத்தில் வளியின் அடர்த்தி கடல்மட்டத்திலுள்ளதன் 74 சதவீதமே. வலு குறையாதிருப்பின் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். முன்னேறும் தூரமும் 1.79 மீற்றராகும். அன்றியும், ஐதான வளியில் அதே வலுவை ஏற்க இதழ்கள் மேலும் கூடிய கோணத்தில் நிற்றல் வேண்டும்.

இந்நிலையில், தரைக்கேற்ற நிலையான விசிறி உயரத்தில் வரம்புமீறிச் சுழலும். அதைத் தடுக்க விமானி எரிபொருள் வழங்கலைக் குறைப்பார். டர்போ ஈட்டிய வலு வீணாகும். உயரத்துக்கேற்ற விசிறியோ கிளம்புகையில் 5800 சுற்றை எட்டவிடாது, 115 பரிவலு கிட்டாது, ஓட்டம் நீளும். ஓடுபாதையின் எல்லையில் மரங்கள் நிற்குமாயின் அது உயிர்ப்பிரச்சினையாகும். குறைந்த சுற்றில் மிகை அமுக்கம் எஞ்சினையும் சிதைக்கவல்லது.

ஆதலின், சுற்று மாறாதிருக்க இதழ்க்கோணத்தைத் தானே மாற்றும் விசிறியே டர்போ எஞ்சினுக்கு உரியது என்பது எமது முடிவு. அதனை வாங்க இயலாதவர், தாம் வழமையாகப் பறக்கும் உயரத்தில், முழுவலு மட்டப்பறப்பில் 5500 சுற்றை மீறாதவாறு இதழ்களைத் தரையில் நிலைப்படுத்தலாம். ஆனால் அந்நிலையில் கிளம்புவதற்கு வேண்டிய தூரத்தை நீண்ட ஓடுபாதையில் முதலில் அளந்தறிதல் வேண்டும். தாழவே பறப்பவர் டர்போ தமக்குத் தேவைதானா என்பதையே முதலில் வினவவேண்டும்.