ஒரு துளிப் பசையும் ஒரு புதுத் துணியும்

ஆடையில் ஒட்டிய பசையை வீட்டிலேயே நீக்கிவிடலாம். ஆனால் எந்தப் பசை, எந்தத் துணி என்று பார்க்காமல் கை வைத்தால் கறை போகும் முன் துணி போய்விடும். சில சமயம் தோலும் வெந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அலமாரியிலிருந்து விழுந்து கை உடைந்த பிள்ளையார் பொம்மையை ஒட்டும் வேலை நடக்கிறது. பெட்டிக்கடையில் வாங்கிய சின்னஞ்சிறு டியூபின் மூக்கைக் குண்டூசியால் குத்தியதும், துளி பொம்மையில் விழாமல் புதுப் பருத்திக் குர்த்தாவில் விழுகிறது. அடுத்த ஐந்து நிமிடத்தில் வீடே ஆலோசனை மன்றமாகிவிடுகிறது. வெந்நீர் என்கிறார் ஒருவர். மண்ணெண்ணெய் என்கிறார் இன்னொருவர். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்து அழுத்தினால் பசை உருகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகு குர்த்தாவில் ஒன்றுக்கு மூன்று கறைகள்: பசையின் வெள்ளைத் தழும்பு, மண்ணெண்ணெயின் வளையம், இஸ்திரிப் பெட்டியின் காவி அச்சு.

டெல்லியின் அடுக்குமாடி வீட்டிலும் மும்பையின் ஒற்றை அறையிலும் கோவையின் ஓட்டு வீட்டிலும் இந்தக் காட்சி ஒன்றுபோலவே அரங்கேறுகிறது. காரணமும் ஒன்றுதான். பசை என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத நாலைந்து ரசாயனப் பொருள்கள். ஒன்றைக் கரைப்பது இன்னொன்றை அசைப்பதில்லை. எனவே கறையைத் தொடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது எப்படி இறுகியது?

தண்ணீரில் பிறந்தது

தச்சர்கள் ஒரு காலத்தில் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த வச்சிரத்தைக் காய்ச்சி மரத்தை ஒட்டினார்கள். வட இந்தியாவில் அதற்கு சரேஸ் என்று பெயர். காய்ச்சும்போது கிளம்பும் நாற்றம் தெருமுனை வரை வரும். 1959-இல் ஃபெவிகால் சந்தைக்கு வந்தபோது தச்சுப் பட்டறைகளிலிருந்து அந்த அடுப்பு மெல்ல மறையத் தொடங்கியது. இந்த வெள்ளைப் பசையின் அடிப்படை பாலிவினைல் அசிடேட். 1912-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டறிந்த பொருள். நுண்துளிகளாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் அது, தண்ணீர் வற்றியதும் ஒன்றுகூடிப் படலமாகிறது.

தண்ணீரில் பிறந்ததால் தண்ணீருக்கே இது பெரிதும் கட்டுப்படும். ஈரமாக இருக்கும்போது கழுவினால் அங்கேயே கதை முடிந்தது. காய்ந்துவிட்டால் வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். படலம் ஊறி வெள்ளையாகி, ரப்பர்போல் நெகிழும். அப்போது நகத்தாலோ மழுங்கிய கரண்டி விளிம்பாலோ சுரண்டி எடுத்துவிடலாம். நூலிழைக்குள் மிஞ்சியதை, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒற்றி எடுக்கலாம். 2020-க்குப் பிறகு பல வீடுகளில் குடியேறிவிட்ட ஆல்கஹால் கலந்த சானிடைசரும் இதற்கு உதவும். மைதாப் பசை இன்னும் சாது. ஊறவைத்தாலே போய்விடும். தண்ணீர் தாங்குவதற்கென்றே செய்யப்படும் மரப்பசை ரகங்கள் மட்டும் இந்த வழிக்கு வருவதில்லை.

துடைக்கக் கூடாத துளி

உடனடியாக ஒட்டும் பசையின் கதை வேறு. 1942-இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர், துப்பாக்கிகளின் குறிபார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்த சயனோஅக்ரிலேட் தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டதால் எரிச்சலோடு ஒதுக்கி வைத்தார். 1951-இல் அதே பொருள் மீண்டும் எதிரே வந்தபோதுதான் அந்தத் தொல்லையே அதன் பெருமை என்பது புரிந்தது. 1958-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று இந்தியாவின் பெட்டிக்கடைகளில் பீடிக் கட்டுக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் நடுவே தொங்குகிறது.

இது காற்றில் காய்ந்து இறுகுவதில்லை. ஈரம் பட்டதும் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. அந்த வினையில் சூடு பிறக்கிறது. பொம்மையின் விரிசலில் ஒரு துளி பரவும்போது அந்தச் சூடு தெரியாது. பருத்தித் துணியிலோ பஞ்சிலோ கம்பளியிலோ பட்டால் நிலைமை மாறுகிறது. நுண்ணிய இழைகளின் பரந்த மேற்பரப்பும் அவற்றில் இயல்பாகவே தங்கியிருக்கும் ஈரமும் வினையை முடுக்கிவிடுகின்றன. துணி சுடுகிறது. சில சமயம் புகைகூட எழும். உடுத்தியிருந்த ஆடையின் மீது இந்தப் பசை கொட்டி, அடியிலிருந்த தோல் வெந்துபோன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் குழந்தைகளும் உண்டு.

ஆகவே பழந்துணியையோ பஞ்சையோ எடுத்துத் துடைக்கப் பாயும் கை முதலில் நிற்க வேண்டும். உடையைத் தோலிலிருந்து விலக்கிப் பிடித்து, தாராளமாகக் குளிர்ந்த நீரை ஊற்றுவதே முதல் வேலை. துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்து இழுக்கக் கூடாது. சுட்டிருந்தால் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணில் தெறித்தாலும் அப்படியே: தண்ணீரால் கழுவிக்கொண்டே புறப்பட வேண்டும்.

ஆடையை மீட்கும் வேலை, பசை முழுவதும் இறுகிய பிறகுதான். இதற்குக் கட்டுப்படும் கரைப்பான் அசிட்டோன். பல நெயில் பாலிஷ் ரிமூவர்களில் அதுதான் இருக்கிறது. 'அசிட்டோன் இல்லாதது' என்று பெருமையாக அச்சிட்ட புட்டி இந்த வேலைக்குப் பெரிதாக உதவாது. வாசனையும் எண்ணெயும் கலந்தவை தங்கள் பங்குக்கு ஒரு கறையை விட்டுச் செல்லும். கறை கீழே பார்க்கும்படி துணியைக் கவிழ்த்து, அடியில் வெள்ளைத் துணி ஒன்றை மடித்து வைக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து அசிட்டோனைச் சிறிது சிறிதாக ஒற்ற வேண்டும். இளகிய பசை அடித்துணிக்கு இறங்கும். அடித்துணியை இடம் மாற்றி வைத்து மறுபடியும் ஒற்ற வேண்டும். தேய்த்தால் பசை பரவும், இழையும் பிரியும். ஐந்தாறு முறை பொறுமையாகச் செய்துவிட்டு, கரைப்பான் முழுவதும் ஆவியான பின் சோப்பு போட்டு அலசலாம்.

எண்ணெய்க்கு இளகுவதும் குளிருக்கு உடைவதும்

புதுச் சட்டையின் விலைச்சீட்டு, கருத்தரங்கில் நெஞ்சில் ஒட்டிய பெயர் அட்டை, சலவைக்குப் போன தாவணியில் மறந்துபோன ஸ்டிக்கர் பொட்டு. இவை விட்டுச் செல்லும் பிசுக்கு இறுகவே இறுகாத ரகம். விரலின் அழுத்தமே இதற்குப் போதும். தண்ணீர் இதை அசைக்காது, எண்ணெய் அசைக்கும். தேங்காய் எண்ணெயும் போதும். நீலகிரித் தைலம் இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். சில துளி விட்டுப் பத்து நிமிடம் கழித்து வழித்தெடுத்தால் பிசுக்கு உருண்டு வரும். பிறகு எண்ணெய்க் கறையைப் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பால் கழுவியாக வேண்டும். இந்த இரண்டாவது படியை மறந்தவர்கள்தான் 'எண்ணெய் விட்டதால் கெட்டது' என்று புலம்புகிறார்கள்.

பள்ளிக் கண்காட்சிக்கு முந்தைய இரவு, தெர்மோகோல் தாஜ்மஹாலோடு சீருடையிலும் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பசை இன்னொரு வகை. துப்பாக்கி போன்ற கருவியிலிருந்து உருகி வந்து, ஆறியதும் கெட்டிப்படுவது. இதற்கு மருந்து குளிர்ச்சி. துணியைப் பாலிதீன் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையில் ஒரு மணி நேரம் வைத்தால் பசை விறைத்துவிடும். துணியை மடக்கினால் பெரும்பகுதி பெயர்ந்து வரும். சூயிங்கமும் இதே வழிக்கு வரும். இஸ்திரிப் பெட்டி யோசனை மிகவும் தவறாகிப்போவதும் இங்கேதான். சூடுபட்ட பசை துணியின் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது.

வீட்டில் தோற்கும் பசையும் உண்டு. பஞ்சர் கடையில் 'சொல்யூஷன்' என்று அழைக்கப்படுவதும், ஆக்ராவின் காலணிப் பட்டறைகளில் அடிப்பாகத்தை ஒட்டும் மஞ்சள் பசையும் ரப்பர் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றை இளக்கும் டொலுவீன் போன்ற கரைப்பான்களின் ஆவி தலையைச் சுற்றவைக்கும், நரம்புகளைப் பாதிக்கும். சமையலறையில் அவற்றுக்கு இடமில்லை. காய்ந்த பசையை உருட்டி எடுக்க முடிந்த வரை எடுத்துவிட்டு, மிச்சத்தை டிரை கிளீனரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். எது பட்ட கறை என்பதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அவரும் ஊகத்தில்தான் வேலை செய்வார்.

துணிக்கும் ஒரு சொல் உண்டு

பசையை அறிந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அசிட்டோன் பருத்தியைக் கரைக்காது, பாலியஸ்டரையும் கரைக்காது. ஆனால் அசிடேட் இழையை அப்படியே கரைத்துவிடும். கோட்டின் உள்துணியிலும் பளபளக்கும் சில சாட்டின் துணிகளிலும் அந்த இழை இருக்கக்கூடும். அங்கே கறையோடு சேர்த்து ஓட்டையும் விழும். காஞ்சிபுரமோ பனாரஸோ, பட்டு இழை அசிட்டோனைத் தாங்கும். அதன் சாயம் தாங்கும் என்று சொல்ல முடியாது. போலி ஜரிகையின் பூச்சும் கரையலாம். கல் பதித்த சூரத் சேலைகளில் பல கற்களைப் பிடித்துவைத்திருப்பதே பசைதான். கறையைக் கரைக்கும் திரவம் கல்லையும் உதிர்த்துவிடும். பிளாஸ்டிக் பொத்தான்களும் மங்கிப்போகும்.

இதற்கெல்லாம் தீர்வு ஒரே ஒரு துளிதான். சட்டையின் உட்தையலிலோ சேலையின் உள்முனையிலோ ஒரு துளி விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சாயம் ஏறினாலோ இழை பிசுபிசுத்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கல்யாணப் பட்டு என்றால் அந்தச் சோதனையும் வேண்டாம். நேராகக் கடைக்கே கொண்டுபோய்விடலாம்.

அடுப்பங்கரையில் ஆபத்து

இந்திய வீடுகளில் பசைக் கறையின் பரம்பரை வைத்தியம் மண்ணெண்ணெயும் பெட்ரோலும். சலவைக் கடைகளில் 'பெட்ரோல் வாஷ்' என்ற சொல் புழங்கியதால் வந்த தைரியம் இது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறையின் அடுப்பை எட்டிவிடும். சாதாரண அறை வெப்பத்திலேயே அது தீப்பற்றும். செயற்கை இழைத் துணியைத் தேய்க்கும்போது எழும் நிலைமின் பொறியே அதற்குப் போதும். அசிட்டோனும் சாது அல்ல. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. ஜன்னலைத் திறந்து, அடுப்பையும் பூஜை அறை விளக்கையும் அணைத்த பிறகே புட்டியைத் திறக்க வேண்டும். கரைப்பான் காயாத துணியை வாஷிங் மெஷினிலோ டிரையரிலோ போடவே கூடாது.

இத்தனைக்கும் பிறகு சில கறைகள் போகாது. ஒரு தழும்பு மிஞ்சும். அதன் மேல் சின்னப் பூவேலை செய்து தரும் தையல்காரர் எந்த ஊரிலும் இருப்பார். அதற்கும் முந்தைய வைத்தியம் இன்னும் எளிது. டியூபைக் குண்டூசியால் குத்தும் முன் பழைய சட்டைக்கு மாறிக்கொண்டு, குழந்தையைத் தள்ளி உட்காரவைத்து, மேஜையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டால் பிள்ளையாருக்குக் கையும் ஒட்டும், குர்த்தாவும் தப்பும்.