பகலைப் பார்ப்பதா, புல்லைப் பார்ப்பதா?

தாம்பரத்திலிருந்து அகரம்தென், மதுரப்பாக்கம் பக்கம் போகிறவர்கள், நல்ல மழை நாலு பெய்து ஏரிக்கரையில் புல் எழும்பியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு பனைமரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். அடுக்குமாடிகள் இன்னும் விழுங்காத பனைகள் அங்கங்கே நிற்கின்றன. ஓலை நுனியில் பச்சையாக ஏதோ தொங்கும். அதன்மேல் மஞ்சள் தொப்பி போட்ட, முகத்தில் கரி பூசியது போன்ற ஒரு பறவை தலைகீழாகத் தொங்கியபடி சிறகடித்துக் கத்திக்கொண்டிருக்கும். ஆண் தூக்கணாங்குருவி. சில மாதம் முன்பு இதே பறவை உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தால், பெண் சிட்டுக்குருவி என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பீர்கள். மஞ்சள் அப்போது இல்லை; கூடு கட்டும் பருவத்துக்கு மட்டும் வருகிற நிறம் அது.

இந்தப் பறவைக்கு ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1766-இல் வைத்த பெயர் ‘லோக்சியா பிலிப்பினா’. இதில் இரண்டு தவறு. பிலிப்பைன்ஸில் இந்தக் குருவியே கிடையாது. லோக்சியா என்பதோ இன்று வடக்கு ஐரோப்பாவின் பனிக்காடுகளில் வாழும் ஒரு ‘பிஞ்சு’ (finch) வகைப் பறவைக்கு உரிய பெயர். நம் வயலில் கூட்டமாக வந்து இறங்கும் புள்ளிச் சில்லையையும் 1758-இல் அதே பெட்டியில்தான் போட்டார். தடித்த, கூம்பு வடிவ அலகு, தானியம் உடைக்கிற தொழில்: இதைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே குடும்பம் என்று நினைத்துவிட்டார். பிறகு வந்தவர்கள் பிரித்தார்கள். தூக்கணாங்குருவியின் இனமான நெசவுக்குருவிகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் வாழ்பவை. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் இந்தியாவுக்கு வாய்த்தவை நான்கே. பிஞ்சுகள் வேறு கிளை. பங்காளி இல்லை, தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்ட லின்னேயஸின் அந்தத் தவறு எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்பதற்கு முதலில் வடக்கே போக வேண்டும்.

அவர் வாழ்ந்த உப்சாலாவில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ 13 மணி நேர வித்தியாசம். சென்னையில் அதே வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். வடக்கே கோடை குறுகியது; குஞ்சு பொரிக்கத் தவறினால் ஒரு வருடம் போச்சு. அதனால் வடக்கத்திப் பறவைகள் பகலின் நீளத்தை அளந்து முன்கூட்டியே தயாராகின்றன. 1920-களில் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் என்ற பேராசிரியர், அன்று பிஞ்சு வகையில் சேர்க்கப்பட்டிருந்த ஜுன்கோ பறவைகளைத் திறந்தவெளிக் கூண்டில் அடைத்து, உறையும் குளிரில் தினமும் மின்விளக்கை எரியவிட்டு மாலைப்பொழுதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். நடுக்குளிரில் அவற்றின் விந்தகங்கள் வசந்தம் வந்துவிட்டது போலப் பருத்தன. குளிர் ஒரு பொருட்டே இல்லை; வெளிச்சம் போதும். பருவம் முடிந்ததும் விந்தகம் மறுபடி சுருங்கிவிடும். பறக்கிறவனுக்கு வேண்டாத சுமை எதற்கு? அப்புறம் நாள் எவ்வளவு நீண்டாலும் உடனே பயனில்லை; கட்டாய ஓய்வு. குறுகிய பகல்கள் வந்து கடிகாரத்துக்கு மறுபடி சாவி கொடுக்க வேண்டும்.

இந்த ஒழுங்குக்கு அடங்காதது லோக்சியா. அலகின் மேல்நுனியும் கீழ்நுனியும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று தாண்டி நிற்கும்; அதை நெம்புகோலாக்கி ஊசியிலை மரக் காய்களின் செதில்களைப் பிளந்து விதை எடுக்கும். நம் இமயமலையிலும் உண்டு. காய் நிறையக் காய்த்த வருடம் என்றால், கிளையில் பனி படிந்திருக்கும் ஜனவரியிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். காய் இல்லையா, ஊரையே மாற்றிக்கொண்டு போய்விடும். பகலைப் பார்க்கிற ஊரில் அது சாப்பாட்டைப் பார்க்கிறது.

இப்போது நம் பனைமரத்துக்கு வருவோம். தூக்கணாங்குருவியும் அதே கட்சிதான்; லின்னேயஸின் தவறு எனக்குப் பிடித்ததும் அதனால்தான். நெல் இலையிலோ உயர்ந்த புல்லிலோ ஓரத்தைக் கடித்து ஒரு வெட்டுப் போட்டு, நுனியைப் பிடித்துக்கொண்டு பறந்தால் நீளமாக ஒரு நார் உரிந்து வரும். காய்ந்த புல்லில் இந்த வித்தை பலிக்காது, உடைந்துவிடும். ஒரு கூட்டுக்கு 500 நடை வரை, ஏறக்குறைய 18 நாள் வேலை. ஆக, பச்சைப் புல் வரும்வரை கல்யாணப் பேச்சே இல்லை. புல் முற்றி மணி பிடிக்கும்போது குஞ்சுகளுக்குப் பூச்சியும் தானியமும் தயாராக இருக்கும்.

அப்படியானால் பகலின் கணக்கு இதற்கு வேண்டாமா? வேண்டும். ஆனால் வடக்கத்திக் கணக்கு அல்ல. 1964-இல் தப்லியால், சக்சேனா என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் தூக்கணாங்குருவியைச் சோதித்து, வடக்குப் பறவைகளுக்கு வருகிற அந்தக் கட்டாய ஓய்வு இதற்கு இல்லை என்று எழுதினார்கள். நீண்ட பகல் தொடர்ந்தால் இதன் உடல் தயாராகவே இருக்கும். மழை ஒரு மாதம் முன்னே வரும், ஒரு மாதம் பின்னே வரும் என்ற நாட்டில் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்? வடக்கில் பகல்தான் முகூர்த்தம். இங்கே பகல் பந்தக்கால் நடுவதோடு சரி. நாள் குறிப்பது மழை.

கல்யாணம் என்று சொன்னேன். கொஞ்சம் திருத்த வேண்டும். 1930-இல் வேலை இழந்து மும்பைக்கு எதிர்க்கரையில் கிஹிம் கிராமத்தில் தங்கியிருந்த பறவையியலாளர் சாலிம் அலி, வீட்டருகே தொங்கிய கூடுகளை நாள்தோறும் கவனித்து, 1931-இல் வெளியான கட்டுரையில் உண்மையைப் போட்டு உடைத்தார். ஆண் கூட்டைத் தலைக்கவசம் போலப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண்கள் வந்து உள்ளே புகுந்து இழுத்துப் பார்க்கின்றன. ஒருத்திக்குப் பிடித்தால்தான் நீண்ட குழாய் வாசல் வைத்து வேலை முடியும். அவள் முட்டையிட்டதும் இவர் பக்கத்து ஓலையில் அடுத்த கூட்டுக்கு அஸ்திவாரம் போடப் போய்விடுவார். அடைகாப்பது அவள் தனியாக. மின்மினியைக் களிமண்ணில் ஒட்டி மனைவிக்கு விளக்கு வைக்கிற உத்தமக் கணவன் என்று நம் பாட்டிகள் சொன்ன கதையில், களிமண் மட்டும் உண்மை.

இந்தக் குணமும் பரிணாமத்தின் கணக்குதான் என்றார் நெசவுக்குருவிகளை ஆராய்ந்த ஜான் குரூக், அதே 1964-இல். காட்டுக்குள் பூச்சி பிடித்து வாழும் நெசவுக்குருவிகள் ஜோடியாக, ஒளிந்து கூடு கட்டுகின்றன. புல்வெளியில் தானியம் தின்னும் இனங்கள் கூட்டமாக வாழ்கின்றன. ஆணுக்குப் பல துணைகள். தானியம் ஒரே நேரத்தில் கொட்டிக் கிடக்கும்போது தாய் ஒருத்தியாலேயே பிள்ளை வளர்க்க முடிகிறது. பத்திரமான மரம்தான் அரிது.

பத்திரமான மரம் என்றால் இங்கே பனை. குறுந்தொகைக் காலத்திலேயே இந்தக் குருவிக்குப் பனைதான் வீடு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது 2021-இல். தாம்பரம் மாநகராட்சி ஆனதும் அதே ஆண்டு. மனை பிரிப்பவர்கள் எதை முதலில் கவனித்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மரம் தப்பினாலும் அடியில் ஏரியும் புல்லும் போய்விட்டால் குருவிக்கு நார் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பாதியில் நிற்கும் கூட்டைக் கைவிடப்பட்டது என்றும், காய்ந்த கூட்டைக் காலி என்றும் எண்ணி வரவேற்பறை அழகுக்காகப் பறிக்காதீர்கள். முதலாவதில் பெண் பார்க்கும் படலம் நடந்துகொண்டிருக்கலாம். இரண்டாவதில் வெண்தொண்டைச் சில்லை குடிவந்து முட்டையிட்டிருக்கலாம்.